அலை மோட்டாருக்கு வைத்த பொட்டு

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு இதை மரியாதையோடு வாசிப்பதா, சிரித்துக்கொண்டே வாசிப்பதா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

ஆயுத பூஜை அன்று, ஒரு உப்புத்தண்ணீர்த் தொட்டிக்குள் ஓடிக்கொண்டிருந்த அலை மோட்டாரை வெளியே எடுத்து, குளிப்பாட்டி, சந்தனம் பூசி, நடுவில் நல்ல பெரிய குங்குமப் பொட்டாக வைத்து, சூடம் காட்டி, திரும்பத் தண்ணீருக்குள் விட்டவன் நான். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. முழுக்க முழுக்கச் சொந்த யோசனை. அப்போது நான் தொழிலுக்குப் புதியவனும் அல்ல. புதியவனாக இருந்தால் பயத்திலாவது சும்மா இருந்திருப்பேன்.

தம்பிகளே, தங்கைகளே, நீங்கள் இப்போது வீடு வீடாகப் போய்ப் பவளத் தொட்டி பார்க்கிறீர்கள். கையில் சோதனைப் பெட்டி, செல்போனில் வேண்டிய மட்டும் வீடியோ. நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் மீன் கடை வைத்திருந்தவன். பொரிக்கிற மீன் இல்லை, வளர்க்கிற மீன். இப்போது கடையை மருமகனிடம் கொடுத்துவிட்டு, அவர் எப்படி நடத்துகிறார் என்று குறை சொல்வதை முழுநேர வேலையாக வைத்துக்கொண்டிருக்கிறேன். "அண்ணே, உங்க அனுபவத்தை எழுதுங்க" என்று நீங்கள் கேட்டபோது யோசித்தேன். உப்புக் கலப்பதும் தண்ணீர் மாற்றுவதும் உங்களுக்கே தெரியும். எப்போது ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும் என்பதைத்தான் எந்த வீடியோவிலும் காட்டுவதில்லை. காட்டினால் யார் பார்ப்பார்கள்? ஒரு ஆள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதை எவ்வளவு நேரம் பார்க்க முடியும்?

நான் அப்படி நின்றேன். ஒரு வாரத்துக்கு மேல் நின்றேன். அந்தக் கதைதான் இது.

நம் பக்கம் கடல் கிடையாது. மேற்கே மலை, கிழக்கே கரிசல். வாளியில் உப்பைக் கரைத்து நாமே கடல் செய்துகொள்ள வேண்டும். பவளம் என்று சொன்னால் மோதிரக்கல் என்று நினைத்து, "செவ்வாய் தோசத்துக்குக் கேக்குமா?" என்று விசாரிக்கிற ஊர். அப்படிப்பட்ட இடத்தில், ராஜபாளையத்தில் ஒரு வீட்டில் பவளத் தொட்டி கேட்டார்கள் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வீட்டுப் பெரியவர் நூற்பாலையில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். காலமெல்லாம் மெஷின் இரைச்சலுக்குள் இருந்தவருக்கு வீட்டில் சும்மா இருப்பது ஒரு நோயாகவே ஆகிவிட்டது. மிக்சியைக் கழற்றினார். மின்விசிறியைக் கழற்றினார். கிரைண்டரில் கை வைத்த அன்று, மருமகள் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிற கணவருக்குப் போன் போட்டு, "உங்க அப்பாவுக்கு ஏதாச்சும் ஒரு வேலை குடுங்க, இல்லேன்னா அடுத்து ஃபிரிட்ஜ்தான்" என்று சொல்லிவிட்டார். மகன் வாங்கிக் கொடுத்ததுதான் அந்தத் தொட்டி. அதற்குப் பிறகு வீட்டில் எந்த மெஷினும் கழறவில்லை.

ஒன்றிரண்டு மீனும் ஒரு இறாலும் போக, தொட்டியில் நான் வைத்துக் கொடுத்ததெல்லாம் மென்பவளம். உள்ளே கல் கிடையாது, தொட்டால் தோல் மாதிரி இருக்கும். பாறையின் மேல் பொத்தான் பொத்தானாகப் படர்ந்திருந்தது ஒரு கூட்டம். அதைப் பொத்தான் என்றே சொல்வோம். நடுவில் ஒரு தோல் பவளம். காளான் போலத் தடித்த தண்டு, மேலே மடிப்பு மடிப்பாக விரிந்த தலை, தலை முழுக்கக் குட்டி விரல்கள் அலையில் ஆடிக்கொண்டிருக்கும். மாஸ்டர் அதற்குக் 'குடை' என்று பெயர் வைத்தார். கட்டைவிரல் நகம் அளவில் வந்தது, சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளர்ந்துவிட்டது. காலையில் விளக்கு எரிந்ததும் அது விரிவதைப் பார்த்த பிறகுதான் அவர் காபி குடிப்பார்.

மருமகள் கிருஷ்ணன்கோவில் பக்கம் இன்ஜினியரிங் காலேஜில் பாடம் எடுக்கிறவர். நான் அவரை மேடம் என்பேன். வீட்டில் எல்லாரையும் அவர் கட்டுக்குள் வைத்திருந்தார், தொட்டியைத் தவிர. ஒரு நாள் நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே பேச்சு வந்தது.

"மாமா, ஹால்ல ஒரு டைனிங் டேபிள் போட இடமில்ல. ஆளுக்கொரு மூலையில தட்டத் தூக்கிட்டு உக்காருதோம்."

"தொட்டிக்குள்ள உயிர் இருக்கும்மா."

"இருக்கட்டும். அந்தக் குடை இருக்க வரைக்கும் தொட்டியும் இருக்கட்டும். அது போயிருச்சுன்னா புதுசு வாங்கக்கூடாது. தொட்டிய எடுத்துருவோம். சரியா?"

மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் மீனைப் பார்த்தேன். மீன் யாரையும் பார்க்கவில்லை.

"சரிம்மா" என்றார் மாஸ்டர்.

இப்போது பூஜைக்கு வருகிறேன். மில்லில் ஆயுத பூஜை எப்படி நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எல்லா மெஷினும் நின்று, துடைத்து, பொட்டு வைத்து, அன்று அதற்கும் ஓய்வு. மாஸ்டர் அந்த வழக்கத்தை அப்படியே வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டார். கிரைண்டருக்குப் பொட்டு, ஸ்கூட்டருக்குப் பொட்டு, மேடத்தின் லேப்டாப்புக்கும் பொட்டு. தொட்டியின் கண்ணாடியில் வெளிப்பக்கமாக மூன்று பொட்டு. அதோடு நின்றிருக்கும். பொரியும் கடலையும் தின்ன வந்த நான் வாயைத் திறந்தேன்.

"கண்ணாடிக்கு வச்சாச்சு மாஸ்டர். உள்ள ஓடுத மோட்டாருக்கு?"

"அது தண்ணிக்குள்ள கெடக்குய்யா."

"அதுதானே உழைக்கு? கண்ணாடி சும்மாதானே நிக்கு?"

மாஸ்டருக்கு இந்த நியாயம் ரொம்பப் பிடித்துவிட்டது. மில்லில் உழைக்கிறவன் பக்கம் நின்றவர் அல்லவா. நான் அலை மோட்டாரைக் கழற்றி எடுத்தேன். அது சின்ன விசிறி மாதிரி இருக்கும், தண்ணீரைத் தள்ளி அலை உண்டாக்கும். மற்றதெல்லாம் நீங்கள் மேலே படித்ததுதான். சூடம் அணைந்ததும் வேட்டி நுனியால் ஒரு துடைப்பு துடைத்துத் திரும்ப உள்ளே மாட்டினேன். போட்ட உடனே மோட்டாரின் வாயிலிருந்து சிவப்பாக ஒரு இழை கிளம்பி, நெளிந்து, நேராகக் குடையின் தலைமேல் போய் இறங்கியது.

"என்னய்யா, நூல் விடுது?"

"அறுபதாம் நம்பர் மாஸ்டர், நைஸ் நூலு" என்றேன். சிரித்தோம். எனக்கும் ஒரு பொட்டலம் பொரி கொடுத்து அனுப்பினார்.

மறுநாள் காலையில் போன். மாஸ்டர் போனிலும் மில்லுக்குள் பேசுகிற மாதிரித்தான் பேசுவார்.

"குடை மூடிருச்சு. வா!"

வண்டியில் வாளிகளைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். மம்சாபுரம் விலக்கைத் தாண்டும்போது, குங்குமம் எதில் செய்கிறார்கள் என்று யோசித்தேன். மஞ்சளா, சுண்ணாம்பா, கலர் பொடியா? ராஜபாளையத்துக்குள் நுழைவதற்குள் நானே அதைக் கொன்றுவிட்டேன் என்று முடிவுக்கு வந்துவிட்டேன். பதற்றத்தில் ஓட்டுகிறவன் வழியிலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறான். போய்ச் சேரும்போது அவனுக்குப் பார்ப்பதற்கு ஒன்றும் மிச்சம் இருப்பதில்லை.

அதனால்தான் நான் எதையும் பார்க்கவில்லை. குடையை மட்டும் பார்த்தேன். பாதியாகச் சுருங்கி, விரல்கள் எல்லாம் உள்ளே போய், மேல்தோல் மெழுகு தடவிய காகிதம் போல மினுங்கிக்கொண்டு கிடந்தது. மாஸ்டரின் காபி ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு இருந்த கொஞ்ச நஞ்ச அறிவும் போய்விட்டது. தொட்டித் தண்ணீரில் பாதியை இறக்கினேன். அங்கேயே அவசரமாக உப்பைக் கலக்கி, சூடு சரியா என்று பார்க்காமல், கரைந்ததும் கரையாததுமாக ஊற்றினேன். பாறையை நகர்த்தினேன். விளக்கைத் தூக்கினேன், இறக்கினேன். ஒரு மனிதன் ஒரு தொட்டிக்குச் செய்யக்கூடிய எல்லாவற்றையும் மத்தியானத்துக்குள் செய்து முடித்தேன்.

விஜயதசமி லீவன்றும் ஏதோ வேலை என்று காலேஜுக்குப் போயிருந்த மேடம், சாயங்காலம் வந்து இறங்கித் தோளில் பையோடு தொட்டிக்கு முன்னால் நின்றார்.

"அண்ணே, காலையில நான் போகும்போது இந்தச் சின்னதெல்லாம் விரிஞ்சுதானே இருந்துச்சு?"

பொத்தான் கூட்டம் முழுக்க மூடிக்கிடந்தது.

எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்த அண்ணாச்சி ஒருவர் தூத்துக்குடியில் இருக்கிறார். பெயரைப் போட்டால், "என்னைய எதுக்குலே ஒன் கூத்துல இழுக்க?" என்று கோவித்துக்கொள்வார். அவரைக் கூப்பிட்டேன். ஒரு கை தண்ணீருக்குள் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். அது அன்றைய கடைசி முட்டாள்தனம். மாஸ்டரும் மேடமும் இரண்டு பக்கமும் நின்றார்கள்.

"அண்ணாச்சி, தோல் பவளம் செத்துட்டுன்னு நினைக்கேன்."

"நாறுதா?"

"என்னது?"

"மூக்கு இருக்குல்லா ஒனக்கு? தண்ணி நாறுதாலே?"

மோந்து பார்த்தேன். சாதாரணக் கடல் வாசம்தான். "இல்ல அண்ணாச்சி."

"தண்டு கொழகொழன்னு கரையுதா?"

"இல்ல. விறைப்பாத்தான் நிக்கு."

"இறாலு?"

உடம்பில் சிவப்புக் கோடு போட்ட இறால் ஒன்று பாறை உச்சியில் மீசையை நீவிக்கொண்டு, இந்த வீட்டுக் கவலைக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்கிற மாதிரி உலாத்திக்கொண்டிருந்தது. "நடக்கு."

"தண்ணியில வெசம் இருந்தா மொதல்ல அதுதாம்லே சாவும். பொத்தானு?"

"மூடிருச்சு."

"எப்ப? குடை மூடுனப்பயா, நீ போன பொறவா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மேடம் போன் பக்கமாகக் குனிந்தார். "இவிய வந்த பொறவுதாங்க."

"அப்ப நோயி அவந்தாம்மா" என்றார் அண்ணாச்சி.

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். சிரிப்பை அப்படித்தான் அடக்குவார்.

"இன்னொன்னு அண்ணாச்சி" என்று இழுத்தேன். "நேத்து மோட்டாருக்குச் சந்தனம், குங்குமம் வச்சோம். அது கொஞ்சம் அது மேல விழுந்திருச்சு."

"வளைகாப்பு எப்பலே?" என்று கேட்டார் அண்ணாச்சி. "ஒன் கை எங்க இருக்கு இப்ப?"

"தண்ணிக்குள்ள."

"வெளிய எடு. பாம்பு சட்டை கழட்டுதுல்லா, அது மாதிரி அது தோலு உரிக்கும்லே. மேல தூசி தும்பு படிஞ்சாலும் உரிக்கும், ஒன்னும் இல்லாமலும் உரிக்கும். மூடிக்கிட்டுக் கெடந்து, பழைய தோலைக் கழட்டி எறிஞ்சிட்டு எந்திரிக்கும். தண்ணி அழுக்க உறிஞ்சுததுக்குக் கரி மூட்டையப் போடு. அலை அது மேல படுத மாதிரி மோட்டாரைத் திருப்பு. பொறவு சும்மா இரு. நாறுச்சுன்னா மட்டும் கூப்பிடு."

"எம்புட்டு நாளு அண்ணாச்சி?"

"அதுட்ட கேளு" என்று வைத்துவிட்டார்.

பாருங்கள், அவர் கேட்டதெல்லாம் குடையைப் பற்றி மட்டுமல்ல. அதன் பக்கத்து வீட்டுக்காரர்களைப் பற்றி. நீங்கள் பதறிக்கொண்டு போய் நிற்கும்போது, மூடிக்கிடப்பதை அப்புறம் பாருங்கள். முதலில் இறால் எப்படி இருக்கிறது, பொத்தான் எப்படி இருக்கிறது, மீன் தின்கிறதா என்று பாருங்கள். எல்லாரும் நன்றாக இருந்து ஒருவர் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டால், அவருக்கு ஏதோ சொந்த வேலை இருக்கிறது. எல்லாரும் சேர்ந்து சாத்தினால்தான் தண்ணீரில் கோளாறு. நானோ, ஒருவர் சாத்தியதைப் பார்த்து எல்லார் வீட்டுக்குள்ளும் கொதிக்கிற ரசத்தை ஊற்றியவன்.

அன்றிலிருந்து தினமும் போனேன். பொத்தான்கள் இரண்டொரு நாளில் என்னை மன்னித்து விரிந்துவிட்டன. குடை மட்டும் இன்னும் மோசமாகத் தெரிந்தது. தலை ஒரு பக்கமாகத் தொங்கியது, மெழுகுத் தோலில் பாசி படர்ந்தது. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பேன். சும்மா நிற்பதற்கும் வெட்கமாக இருக்கும் என்பதால் வெளிக்கண்ணாடியைத் துடைப்பேன். அந்த வாரம் ராஜபாளையத்திலேயே சுத்தமான கண்ணாடி அதுவாகத்தான் இருந்திருக்கும்.

மாஸ்டருக்கு இது தாங்கவில்லை.

"ஏய்யா, மெஷின் நின்னா பாத்துக்கிட்டு நிப்பியா?"

"இது நிக்கல மாஸ்டர். உள்ளுக்குள்ள ஓடிக்கிட்டுத்தான் இருக்கு."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது மாஸ்டர்."

என் தொழிலில் வாடிக்கையாளரிடம் நான் சொன்ன உருப்படியான உண்மை அது ஒன்றுதான். அவர் என் சட்டைப் பையைக் காட்டினார்.

"பையில என்ன?"

"மருந்து."

"ஊத்தேன்."

"ஊத்த மாட்டேன்."

"பொறவு எதுக்குய்யா தெனமும் கொண்டு வாறே?"

"என் தைரியத்துக்கு மாஸ்டர்."

உண்மையாகவே அந்தப் பாட்டில் சட்டைப் பையில் இருந்து என்னைப் பிறாண்டிக்கொண்டே இருந்தது. ஒரு சொட்டு விட்டால் ஏதோ செய்தோம் என்றாவது இருக்கும். அதுதான் ஆபத்து. நம்மைக் கூப்பிடுகிறவர்கள் நாம் ஏதாவது செய்வதற்காகக் கூப்பிடுகிறார்கள். செய்தால் நம்பிக்கை வருகிறது, அவர்களுக்கும் நமக்கும். அந்த நம்பிக்கைக்காகச் செய்வது எல்லாம் நமக்கு நாமே கொடுத்துக்கொள்கிற மருந்து. அதைத் தொட்டிக்குள் ஊற்றக்கூடாது. வேண்டுமானால் ஒரு டீ குடியுங்கள்.

சனிக்கிழமை மேடம் என்னை வைத்துக்கொண்டே மாமனாரிடம் சொன்னார். குரலில் கோபம் இல்லை. அதனால்தான் பயமாக இருந்தது.

"நாளைக்கு ஆசாரி அளவு எடுக்க வாராரு மாமா. பேசினபடிதான்."

மாஸ்டர் தலையை ஆட்டினார். மேடம் உள்ளே போன பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார், மெதுவாகப் பேசி நான் கேட்டது அன்றுதான். "போச்சுன்னா ஒளிக்காமச் சொல்லிரு. நானே கழட்டிருவேன். கழட்டுறதுதான் நமக்குப் பழக்கமாச்சே."

அன்று வீட்டுக்குப் போகும்போது அந்த மருந்து பாட்டில் ஒரு மூட்டை உப்பு கனம் கனத்தது.

ஞாயிற்றுக்கிழமை யாரும் கூப்பிடாமல் நானே போனேன். ஆசாரி எனக்கு முன்னால் வந்துவிட்டார். டேப்பை இழுத்து, சுவரைத் தட்டி, "இந்தக் கண்ணாடிப் பொட்டிய நகட்டிட்டா டேபிளு அம்சமா உக்காந்துரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மேடம் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மாஸ்டர் தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"ஏ, கிழியுதுய்யா!"

மாஸ்டர் கத்திய கத்தலில் ஆசாரியின் டேப் சர்ரென்று உள்ளே போயிற்று. ஓடிப்போய்ப் பார்த்தேன். குடையின் ஓரத்தில் தோல் கிழிந்து, அலையில் படபடத்தது. முதலில் செய்தது, மோந்து பார்த்தது. கடல் வாசம். தோலுக்கு அடியில் பார்த்தேன். கரையவில்லை, கொழகொழக்கவில்லை. புதுசாக, வெளிறிய சந்தன நிறத்தில், குழந்தையின் உள்ளங்கை மாதிரி ஒரு சதை.

காய்ச்சிய பாலில் கூடுகிற ஆடையை ஒரு ஓரத்தில் பிடித்துத் தூக்கினால் எப்படி முழுசாகக் கழன்று வரும்? அப்படி அது வந்துகொண்டிருந்தது. ஆனால் பாதியில் ஒரு மடிப்பில் சிக்கி நின்றுவிட்டது.

"இழுத்து விடுய்யா!" என்றார் மாஸ்டர்.

"மாட்டேன் மாஸ்டர்."

"லேசா!"

"லேசாக்கூட மாட்டேன்." இரண்டு கைகளையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டேன். கைகள் என் பேச்சைக் கேட்காதோ என்று பயம்.

எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியவில்லை. மேடமும் வந்து நின்றார். ஆசாரியும் காதில் பென்சிலோடு வந்து குனிந்து பார்த்தார்.

"இது செடியா, என்னது?"

"உயிருய்யா. மீன் மாதிரி" என்றார் மாஸ்டர்.

"கடிக்குமா?"

"இவனைத்தான் கடிக்கணும்."

அலை ஒரு தட்டு தட்டியது. ஆடை மொத்தமாகக் கழன்று, மிதந்து, சுழன்று, மூலையில் போய் ஒதுங்கியது. குடை ஒரு தரம் மூச்சு விட்ட மாதிரி உப்பியது. பிறகு ஒரு ஓரத்தில், ஒரே ஒரு ஓரத்தில், ஊசிமுனை போல ஒரு விரல் வெளியே வந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று.

மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்து மாட்டிக்கொண்டார். அடுக்களைப் பக்கம் பார்த்து, "காபி இருக்கா?" என்று பொதுவாகக் கேட்டார்.

கழன்ற தோல் தொட்டிக்குள் கிடந்து அழுகக்கூடாது என்பதால் குழாய் விட்டு உறிஞ்சி வாளியில் எடுத்தேன். ஒரு வாரத்தில் நான் செய்த முதல் உருப்படியான வேலை. வாளியைக் கொண்டுபோய்ப் பின்பக்கம் கொட்டிவிட்டு, அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு செத்த நேரம் நின்று, முகம் கழுவிக்கொண்டு உள்ளே வந்தேன்.

மேடம் மட்டும் தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். மாஸ்டர் நாற்காலியில் காபியோடு இருந்தார். ஒரு ஓரம்தான் விரிந்திருந்தது. மற்றதெல்லாம் சுருங்கியேதான் கிடந்தது. இது பிழைத்த கணக்கா, பிழைக்காத கணக்கா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியது மேடம்தான். நான் துண்டால் கையைத் துடைத்தேன். துடைத்த கையையே மறுபடி துடைத்தேன்.

"மேடம், ஓரத்துல மட்டுந்தான் விரல் வந்திருக்கு. மிச்சம் வர இன்னும் நாளாகும். இத உயிரோட இருக்குன்னு எடுத்துக்கிடலாமா, இல்ல தொட்டிய எப்பக் கழட்டணும்னு சொல்லுதீங்களா?"

அவர் திரும்பவில்லை. கண்ணாடியில் மூக்கு இடிக்கிற மாதிரி குனிந்து, அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஆசாரிய அனுப்பியாச்சு."